ஹைவேயில் மட்டும் மைலேஜ் குறையும் பழைய கார்: எங்கே தேடுவது?

எங்கள் வீட்டு வண்டி 2011 மாடல் பெட்ரோல் செடான், மேனுவல் கியர், ஒரு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் கீழே வரும் கோளாறு எந்த வண்டிக்கும் வரும், அதில் பாதி நானும் மெக்கானிக்கும் சேர்ந்து வரவழைத்துக்கொண்டது. தாம்பரத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டு நாகர்கோவில் போனால் முன்பெல்லாம் லிட்டருக்கு 17 கொடுக்கும். போன பொங்கலுக்குப் போனபோது 13.1. ஊருக்குள் மட்டும் எப்போதும் போல 11.

பதறிப்போய் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நாலு பிளக் மாற்றினேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன், பெட்ரோலில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனர் ஒரு பாட்டில். அடுத்த தடவை 13.3 வந்தது. அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன்: பிளக்கோ சென்சாரோ கெட்டிருந்தால் ஊருக்குள்ளும் அடி வாங்கியிருக்க வேண்டுமே, அங்கே ஏன் 11 அப்படியே நிற்கிறது? ஹைவேயில் மட்டும் குறைகிறது என்றால் தேட வேண்டிய இடங்கள் ரொம்பக் கொஞ்சம். சக்கரத்தை எதோ பிடிக்கிறது, காற்று பிடிக்கிறது, எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவில்லை, கியர் பக்கம் சக்தி வீணாகிறது, இல்லையென்றால் புகை வெளியே போக வழி அடைத்திருக்கிறது. அவ்வளவுதான். அதனால் உங்கள் வண்டி என்ன செய்கிறது என்பதைப் பார்த்து அந்தப் பகுதிக்கு நேராகப் போங்கள், ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

முதலில் அந்த எண்ணையே சந்தேகப்படுங்கள்

டேஷ்போர்டு காட்டும் சராசரி வேண்டாம். டேங்கை நிரப்பி டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, ஓட்டிவிட்டு மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை அடித்த லிட்டரால் வகுப்பதுதான் கணக்கு. இரண்டு தடவையும் துப்பாக்கி தானாக 'டக்' என்று நிற்கும் இடத்தோடு நிறுத்த வேண்டும். பங்க் பையன் "ரவுண்டு பண்ணிடவா சார்" என்று கேட்டு இன்னும் ரெண்டு அழுத்து அழுத்துவார், அதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த ரெண்டு அழுத்தில் அரை லிட்டர் போகலாம். 12 லிட்டர் கணக்கில் அரை லிட்டர் பிசகினால் 4 சதவீதம் தப்பு, 35 லிட்டரில் அதே அரை லிட்டர் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. அதனால் செங்கல்பட்டு போய் வந்துவிட்டு மைலேஜ் குறைந்துவிட்டது என்று சொல்லாதீர்கள், நானூறு கிலோமீட்டராவது ஓட்டுங்கள்.

டயர் சைஸ் மாற்றியிருக்கிறீர்களா? பார்க்க நன்றாக இருக்கும் என்று 185/65 ஆர்14 இருந்த இடத்தில் 195/65 ஆர்15 போட்டவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது டயரின் விட்டம் 6 சதவீதம் பெரிது. அதாவது வண்டி 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 94தான் ஏறும், மைலேஜும் 6 சதவீதம் குறைந்த மாதிரி தெரியும். போனில் மேப்பைப் போட்டு ஒரு 50 கிலோமீட்டருக்கு மீட்டரோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வரவே மாட்டேன் என்கிறது

என் வண்டியில் பெரிய திருடன் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அறிகுறி இப்படி இருக்கும். சிட்டி டிராஃபிக்கில் முள் வழக்கமான இடத்தில், பாதிக்குச் சற்றுக் கீழே, நிற்கும். ஹைவே ஏறி 80, 90ல் போகத் தொடங்கியதும் மெல்லக் கீழே இறங்கும். ராத்திரிப் பயணத்தில், அதுவும் மார்கழி தையில், இன்னும் இறங்கும். டோல்கேட் வரிசையில் அஞ்சு நிமிஷம் நின்றால் மறுபடி ஏறும். நான் இதை மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன், பார்த்துவிட்டு "பரவாயில்லையே, எஞ்சின் நல்லா கூலா ஓடுது" என்று சந்தோஷப்பட்டும் இருக்கிறேன்.

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு உண்டு. உள்ளே மெழுகு இருக்கும். கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் தண்ணீர்க் கலவை, ஏறத்தாழ 82 முதல் 88 டிகிரி வரை சூடாகும்வரை அது மூடியே இருக்கும், தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சூடானதும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். இது திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டாலோ, இல்லவே இல்லாவிட்டாலோ, ஹைவேயில் எதிர்க்காற்று ரேடியேட்டரில் அடிக்க அடிக்க எஞ்சின் தன் சூட்டுக்கு வரவே வராது. எஞ்சின் கம்ப்யூட்டர் இன்னும் விடியற்காலை ஸ்டார்ட்டிங்தான் நடக்கிறது என்று நினைத்து பெட்ரோலைக் கூட்டியே கொடுக்கும். ஆயிலும் இளகாமல் தடித்தே ஓடும். டிராஃபிக்கில் காற்று இல்லாததால் எஞ்சின் தானாகச் சூடாகிவிடும், அதனால் ஊருக்குள் வித்தியாசம் தெரியாது.

என் வண்டியில் அது மாட்டிக்கொள்ளவும் இல்லை. இல்லவே இல்லை. இரண்டு வருடம் முன்னால் வாட்டர் பம்ப் மாற்றக் கொடுத்தபோது மெக்கானிக் கழற்றிப் போட்டிருக்கிறார். போய்க் கேட்டதற்கு, "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு சார்? ஜாம் ஆனா எஞ்சினே போயிடும், அதான் எடுத்துட்டேன்" என்றார், ஏதோ எனக்கு உபகாரம் செய்த மாதிரி. அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. மூடிய நிலையில் மாட்டிக்கொண்டால் எஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கெட் போகும், அந்தச் செலவைப் பார்த்து பயந்த தலைமுறை அது. ஆனால் அதற்கு மருந்து புது வால்வு போடுவது, எடுத்து வீசுவது அல்ல.

நீங்களே பார்க்க வேண்டுமென்றால், காலையில் ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைக் கையால் தொட்டுப் பாருங்கள், ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில் கை போகாமல். சில நிமிஷங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு திடீரென்று சூடேறினால் வால்வு வேலை செய்கிறது. ஸ்டார்ட் செய்ததிலிருந்தே மெதுமெதுவாக வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தால் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அங்கே இந்தத் தொட்டுப் பார்க்கும் வித்தை அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

அதைவிட நம்பகமான வழி ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக்குகள் எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் துளை) ஒரு சின்ன ப்ளூடூத் அடாப்டரைச் செருகி, போனில் கூலன்ட் டெம்பரேச்சரைப் பார்ப்பது. ஹைவேயில் சீராக 80ல் போகும்போது 85 முதல் 95 டிகிரிக்குள் நிற்க வேண்டும். என் வண்டி விக்கிரவாண்டி தாண்டும்போது 66 காட்டியது. 2010க்கு முந்தைய வண்டிகள் சிலவற்றில் இந்த அடாப்டர் பேசாது, அப்போது ஹோஸ்தான் கதி.

கழற்றி எடுத்த வால்வைச் சோதிக்க அடுப்படிக்குப் போக வேண்டும். பாத்திரத்தில் தண்ணீரில் கயிறு கட்டித் தொங்கவிட்டு சூடாக்குங்கள், குமிழி வந்து கொதிக்கப்போகும் நேரத்தில் வாய் திறக்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும். பச்சைத் தண்ணீரிலேயே திறந்திருந்தால் குப்பைக்கு. (பழைய பாத்திரமாக எடுங்கள், கூலன்ட் விஷம், வீட்டில் திட்டும் விழும்.) ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள் என்பதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

புது வால்வு போட்டதும் 13.3லிருந்து 14.5க்கு வந்தது. மிச்சம் எங்கே?

ஆக்ஸிலரேட்டரில் காலை எடுத்தால் வண்டி உடனே நிற்கப் பார்க்கிறது

நல்ல வண்டி காலை எடுத்தபின் உருண்டுகொண்டே போகும். எதோ பின்னாலிருந்து இழுக்கிற மாதிரி இருந்தால் முதலில் டயர் காற்று, பிறகு பிரேக்.

காற்று விஷயத்தை விரைவாக முடித்துவிடுகிறேன். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு, டயர் குளிர்ந்திருக்கும்போது. குடும்பத்தோடு டிக்கி நிறையச் சாமானோடு போகும்போது வேறு அளவு இருக்கும், அதுவும் அங்கேயே போட்டிருக்கும். பங்கில் பையன் எல்லா வண்டிக்கும் ஒரே 30ஐ அடிப்பார், நாற்பது கிலோமீட்டர் ஓடிச் சூடான டயரில் அடித்த 30, விடிந்தால் 27தான்.

பிரேக்குக்கு வருவோம். ஹைவேயில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, சர்வீஸ் ரோட்டில் இறங்கி, முடிந்தவரை பிரேக்கே அழுத்தாமல் வேகம் தானாகக் குறைந்து நிற்கும்படி ஓரம் கட்டுங்கள். இறங்கி நாலு சக்கரத்து ரிம்மின் நடுப்பக்கம் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம், பக்கத்தில் போனாலே அனல் தெரியும். நாலும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் அடுப்பு மாதிரி இருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடவில்லை. கருகிய வாடையும் வரும். முன் சக்கரமாக இருந்தால் பெரும்பாலும் காலிப்பர் (பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் கிடுக்கி) நகரும் பின்கள் துருப்பிடித்து இறுகியிருக்கும், கழற்றித் துடைத்து அதற்கென்று உள்ள கிரீஸ் போட்டால் போதும். பின் சக்கரம் டிரம்மாக இருந்தால் ஹேண்ட்பிரேக் கேபிளைப் பாருங்கள்.

எனக்குப் பின் இடது சக்கரம். ஹேண்ட்பிரேக் ரொம்ப மேலே வருகிறது என்று சொல்லி ஒருவரிடம் இறுக்கச் சொல்லியிருந்தேன், அவர் இறுக்கிய இறுக்கில் விட்ட பிறகும் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஜாக்கி போட்டு சக்கரத்தைக் கையால் சுற்றினேன், வலது பக்கம் மூன்று சுற்று ஓடியது, இடது பக்கம் அரைச் சுற்றில் 'சர்ர்' என்று நின்றது. சரி செய்தபின் 15.4.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு: வேகம் கூடக்கூட 'ஊம்ம்' என்ற சத்தம் கூடி, வளைவில் திரும்பும்போது அது மாறினால் வீல் பேரிங். டயர் மேல் குறுக்கே கையைத் தடவினால் ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் ரம்பப்பல் மாதிரி இருந்தால் அலைன்மென்ட்.

ஆர்பிஎம் கூடியிருக்கிறது, வேகம் அதேதான்

உங்கள் வண்டி அஞ்சாவது கியரில் 80க்கு எத்தனை ஆர்பிஎம் காட்டும் என்று தெரியுமா? நன்றாக ஓடும்போதே ஒரு தடவை எழுதி வையுங்கள். மேனுவல் கியரில் இந்த எண் மாறவே கூடாது. மாறினால் கிளட்ச் வழுக்குகிறது. காலி ரோட்டில் அஞ்சாவது கியரில் 60ல் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுசாக அழுத்திப் பாருங்கள், முள் துள்ளி மேலே போய் வண்டி மெதுவாகப் பின்தொடர்ந்தால் கிளட்ச் பிளேட் முடிந்தது.

பழைய ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் முதலில் டேஷ்போர்டைப் பாருங்கள். 'ஓவர்டிரைவ் ஆஃப்' விளக்கு எரிகிறதா? கியர் நாபின் பக்கவாட்டுப் பொத்தானில் யாரோ கை பட்டு, வண்டி மேல் கியருக்கே போகாமல் மாதக்கணக்கில் ஓடியிருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் இதற்காக கியர்பாக்ஸ் ஆயில் முழுக்க மாற்றினார். விளக்கு எரியவில்லை என்றால், சீராக 80ல் போகும்போது ஆக்ஸிலரேட்டர் காலை அசைக்காமல் இடது காலால் பிரேக்கை லேசாக, விளக்கு எரியும் அளவுக்கு மட்டும், தொடுங்கள். பின்னால் வண்டி இல்லாதபோதுதான். ஆர்பிஎம் இருநூறு முந்நூறு துள்ளி மறுபடி இறங்கினால், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் லாக் ஆகிறது, அது நல்லது. அசைவே இல்லை என்றால் லாக் ஆகவே இல்லை, அந்த வழுக்கல் முழுக்க எண்ணெயைச் சூடாக்கி வீணாகிறது.

90 தாண்டினால் மூச்சு வாங்குகிறது

ஊருக்குள் பிக்கப் இருக்கிறது, ஹைவேயில் ஓவர்டேக் செய்ய அழுத்தினால் சத்தம் மட்டும் வருகிறது. சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். மெதுவாகப் போகும்போது கொஞ்சம் புகைதான், எப்படியோ வெளியேறிவிடும், வேகத்தில் வழி போதாது. இது தானாக அடைப்பதில்லை. பிளக் சரியாக எரியாமல் பச்சைப் பெட்ரோல் அங்கே போய் எரிந்து உள்ளே உள்ள தேன்கூட்டை உருக்கியிருக்கும், இல்லை எஞ்சின் ஆயில் குடித்திருக்கும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால் அதுவும் அடைக்கும். உள்ளே குத்தி எடுத்துவிடலாம் என்று சொல்லும் மெக்கானிக்குக்குக் காது கொடுக்காதீர்கள், பதினைந்து வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது புகைச் சோதனையில் நிற்பீர்கள்.

போகும்போது ஒரு மைலேஜ், வரும்போது வேறு

இது கோளாறே இல்லை, ஆனால் இதை வைத்துப் பலர் சென்சார் மாற்றுகிறார்கள். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆளும் சாமானுமாக 1300 கிலோ வண்டியை அவ்வளவு தூக்க மட்டுமே ஏறத்தாழ ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பெட்ரோல் வேண்டும், திரும்பும்போது அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். போய் வந்த சராசரிதான் கணக்கு.

காற்று இன்னும் மோசம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் திருநெல்வேலி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்தால் முப்பந்தல் காற்றாலைகள் எல்லாம் உங்களைப் பார்த்துச் சுற்றும். அங்கே 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால் மீட்டரில் 80 இருந்தாலும் வண்டி 110 காற்றைக் கிழிக்கிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும், 80க்கும் 110க்கும் தடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே கணக்குதான் நான்கு வழிச்சாலை வந்தபின் எல்லோரும் 110ல் போகப் பழகியதற்கும். முன்பு 80ல் எடுத்த 17ஐ இப்போது 110ல் எதிர்பார்க்க முடியாது. சபரிமலை சீசனுக்கு மாட்டிய மேல் கேரியர் இன்னும் மேலேயே இருந்தால் அதையும் கழற்றுங்கள்.

ஏசியைப் போடுவதா ஜன்னலைத் திறப்பதா? ஹைவேயில் ஜன்னலை ஏற்றிவிட்டு ஏசி போடுங்கள்.

ஊருக்குள்ளும் சேர்த்தே குறைந்திருந்தால்

இப்போதுதான் பிளக், ஓ2 சென்சார் (புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளப்பது) எல்லாம். ஓபிடி ஆப்பில் லாங் டெர்ம் ஃபியூல் டிரிம் என்று ஒரு எண் வரும், எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பது அது. எஞ்சின் சூடான பிறகு அது பிளஸ் மைனஸ் பத்துக்குள் இருக்க வேண்டும். பிளஸ் பதினைந்து இருபது என்றால் எங்கேயோ காற்றுக் கசிவு, அழுக்கான ஏர் ஃப்ளோ சென்சார் அல்லது பெட்ரோல் பிரஷர் குறைவு. மைனஸில் ஆழமாகப் போனால் பெட்ரோல் அதிகம் வருகிறது, இன்ஜெக்டர் ஒழுகலாம். ஓ2 சென்சார் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் நடுவே சுறுசுறுப்பாக ஆட வேண்டும், ஆமை வேகத்தில் ஆடினால் மாற்றுங்கள்.

ஏர் ஃபில்டர் பற்றி ஒரு வார்த்தை. கார்புரேட்டர் காலத்தில் அது அடைத்தால் மைலேஜ் விழும். இன்ஜெக்ஷன் வண்டியில் உள்ளே வரும் காற்றை அளந்துதான் பெட்ரோல் போகிறது, அதனால் அடைத்தால் பிக்கப் குறையும், மைலேஜ் அவ்வளவாகக் குறையாது. 2009ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் சோதித்ததும் இதையே காட்டியது. எஞ்சினுக்காக மாற்றுங்கள், மைலேஜுக்காக வேண்டாம்.

ஆயில் பில்லையும் எடுத்துப் பாருங்கள். கையேட்டில் 5டபிள்யூ-30 என்றிருக்க, "பழைய வண்டிதானே" என்று 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தால் அந்தத் தடிப்புக்கும் பெட்ரோல் செலவாகும்.

எல்லாம் பார்த்தும் ஒரு 6 சதவீதம் கணக்கில் உதைக்கிறதா? அது டேங்குக்குள் இருக்கிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஒரு லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, பழைய வடிவமைப்பில் வந்து 10 சதவீதக் கலவைக்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று கணித்திருந்தது. என் 15.4க்கும் பழைய 17க்கும் நடுவே உள்ள இடைவெளியில் பெரும்பகுதி இதுதான் என்பது என் கணக்கு. ஊருக்குள் 11ல் 6 சதவீதம் முக்கால் கிலோமீட்டர்கூட இல்லை, அதனால் அங்கே கண்ணில் பட்டிருக்காது. இதற்குச் சென்சார் மாற்றி ஒன்றும் ஆகாது. ஆனால் பழைய வண்டியில் பெட்ரோல் ஹோஸ்களை ஒரு தடவை வளைத்துப் பாருங்கள், ரப்பர் வெடித்திருந்தாலோ நின்ற வண்டியில் பெட்ரோல் வாடை வந்தாலோ அன்றைக்கே மாற்றுங்கள், அது மைலேஜ் விவகாரம் இல்லை, தீ விவகாரம்.

அதற்கும் மேல் குறைகிறது, வேறு எதுவும் சிக்கவில்லை என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் சோதனை, கேளுங்கள். எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுசாக அழுத்தி வைத்து எடுக்க வேண்டும், குளிர்ந்த எஞ்சினில் எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. நாலு எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 10, 15 சதவீதம் கீழே இருந்தால் அந்தச் சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங், அசையாமல் நின்றால் வால்வு.